உன் மகன் லாரிக்குப் போகட்டும்டி

வலையபட்டி,
ஞாயிற்றுக்கிழமை

என் உயிர்த் தோழிக்கு,

நீ போன்ல அழுத அழுகையில பாதிப் பேச்சு எனக்கு விளங்கவே இல்லை. அப்புறம் உன் வீட்டுக்காரர் எங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லி, இவுக எனக்குச் சொல்லித்தான் முழு விவரமும் தெரிஞ்சது. டிப்ளமா முடிச்ச பையன் லாரி ஓட்டப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாம், உனக்குச் சோறு இறங்கலையாம். திரும்பப் போன் போட்டா திரும்பவும் அழுவே. அதான் கடுதாசி எழுதுறேன். அழுதுக்கிட்டே வாசி, தடையில்லை.

இந்த விஷயத்துல உங்க திருப்பூர்க்காரங்க சொல்றதை விட நான் சொல்றதைக் கேளு. என் நாத்தனா மகன் ஓட்டுறது பன்னிரண்டு சக்கர லாரி. பக்கத்து வீடுதான், அவன் ஊருக்கு வந்தா சாப்பாடு எங்க வீட்டுலதான். மீன் குழம்பை ஊத்தினா போதும், ரோட்டுக் கதை அத்தனையும் வெளிய வந்துரும்.

அவனும் எடுத்த எடுப்புலயே பெரிய வண்டியில ஏறலை. முதல்ல குட்டியானைங்கிற சின்னச் சரக்கு வண்டிதான். ஆத்தங்குடியில டைல்ஸ் ஏத்துவான். இல்லைன்னா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழஞ்சாமான் கடையில இருந்து, இடிச்ச வீட்டுத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் ஏத்திக்கிட்டுப் போவான். எந்த வளவு வீடு விலை போகுது, எந்தப் பங்காளி கையெழுத்துப் போட மாட்டேங்கிறாகன்னு அவனுக்குத்தான் முதல்ல தெரியும். பள்ளத்தூர்ல ஒரு பெரிய வீட்டுச் சங்கதி இருக்கு, அதைக் கடுதாசியில எழுதக் கூடாது. நேர்ல வா, சொல்றேன்.

உன் மகனையும் அப்படியே ஆரம்பிக்கச் சொல்லு. 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்குச் சாதாரணக் கார் லைசென்ஸே போதும்னு 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. பெரிய வண்டின்னா இருபது வயசு ஆகணும், கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷமாவது ஆகியிருக்கணும், டிரைவிங் ஸ்கூல் சான்றிதழும் டாக்டர் சான்றிதழும் வேணும். முந்தி எட்டாவது பாஸ் பண்ணியிருக்கணும்னு ஒரு விதி இருந்துச்சு, 2019-ல எடுத்துட்டாக. "அன்னைக்கே எடுத்திருந்தா நான் இப்ப பத்து லாரிக்கு ஓனர்"னு எங்க மச்சினர் திண்ணையில உக்காந்து பேசுறார். ஏழாவதுல மூணு வருஷம் இருந்த மனுசன்! ஹெவி லைசென்ஸை அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கணும். கேஸ் டேங்கர், பெட்ரோல் டேங்கர்னா தனிப் பயிற்சி, தனி அனுமதி. அதெல்லாம் அவன் கை நல்லாப் பழகின பிறகு பார்த்துக்கலாம்.

லைசென்ஸ் வந்ததும் வண்டியைத் தூக்கிக் கையில குடுத்துர மாட்டாக. நம்மாளு, அதான் நாத்தனா மகன், ஒரு மூத்த டிரைவர் கூட ரெண்டாவது டிரைவராத்தான் ஏறினான். புதுவயல் மில்லுல அரிசி மூட்டை ஏத்துறதுல ஆரம்பிச்சு, தார்ப்பாய் கட்ட, கயிறு இழுக்க, எடைமேடைச் சீட்டுப் பார்க்க, டயரைத் தட்டிச் சத்தத்துலயே காத்து கண்டுபிடிக்க எல்லாம் அவர்தான் சொல்லிக் குடுத்தது. முந்தியெல்லாம் கிளீனரா ஏறி இதெல்லாம் படிப்பாக. இப்ப எந்த முதலாளி கிளீனர் போடுறான்? சம்பளம் மிச்சம் பண்ணிட்டு, "பயலுகளுக்குத் தொழிலே தெரியலை"ன்னு புலம்புறாக.

வண்டி ஓட்டுறது கஷ்டம்னுதானே நீ பயப்படுறே? நம்மாளைக் கேட்டா காத்துக் கிடக்கிறதுதான் பெரிய கஷ்டம்ங்கிறான். லோடு இறக்குற இடத்துல டோக்கன் போட்டுட்டு உக்காந்திருக்கணும். ரிட்டன் லோடு கிடைக்கிற வரைக்கும் புக்கிங் ஆபீஸ் வாசல்ல கிடக்கணும். ஒரு வடநாட்டு ஃபேக்டரியில டிரைவருகளைக் கக்கூசுக்குக் கூட உள்ளே விடலையாம். பேரு வேண்டாம், விடு. வண்டி பக்கவாட்டுப் பெட்டியில அடுப்பும் அரிசியும் இருக்கும், ரோட்டோரமா நிறுத்திப் பொங்கிச் சாப்பிடுவாக. இப்ப நம்மாளு வைக்கிற ரசம் எங்க அத்தை ரசத்தை விட நல்லா இருக்குடி. அவுக காதுல போட்டுறாதே.

தொப்பூர் கணவாய்க் கதை சொன்னான், அதை மட்டும் கேளு. தருமபுரியில இருந்து சேலத்துக்கு இறங்குற மலைப்பாதை. டீசல் மிச்சமாகுமேன்னு இறக்கத்துல நியூட்ரல் போட்டு விடுறாகளாம். எஞ்சின் பிடிமானம் போயிரும், பாரம் முழுக்க பிரேக்குல நிக்கும், பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போயிரும். அங்க நடக்கிற விபத்தைத்தான் நாம பேப்பர்ல வாசிக்கிறோம். ஏறுற கியர்லயே இறங்கணும்னு மூத்த டிரைவர் இவனைச் சத்தியம் பண்ண வச்சிருக்கார். ஆனா இதுல டிரைவரை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. இத்தனை லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் வரணும், குறைஞ்சா உன் படியில பிடிப்பேன்னு முதலாளி சொன்னா, அவன் நியூட்ரல் போடாம என்ன செய்வான்?

அதனால மகன்கிட்ட எந்த ஊருக்கு ஓட்டுவேன்னு கேக்காதே, முதலாளியைப் பத்திக் கேளு. மாசச் சம்பளமா, டிரிப்புக்குப் படியா? டயர் வெடிச்சா, போலீஸ் அபராதம் போட்டா யார் கட்டுறது? ஓவர் லோடு ஏத்தச் சொல்வாரா? தூர டிரிப்புக்கு ரெண்டு டிரைவர் உண்டா? 1961-ல வந்த மோட்டார் தொழிலாளர் சட்டத்துல நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாப்பத்தெட்டு மணி நேரம்னு எழுதித்தான் வச்சாக. ஆனா அது அஞ்சு பேராவது வேலை பார்த்த இடத்துக்குத்தான் செல்லுபடியாச்சு. நம்ம பக்கம் ஒரு லாரி, ரெண்டு லாரி முதலாளிதானே நிறைய. தூக்கம் வருதுன்னு போன் பண்ணினா "ஓரங்கட்டித் தூங்குடா"ன்னு சொல்ற முதலாளி கிடைச்சா, சம்பளம் கொஞ்சம் குறைச்சலா இருந்தாலும் சேர்த்து விடு.

நல்ல சேதியும் இருக்கு. 2025 அக்டோபர் ஒண்ணாந்தேதியில இருந்து தயாராகுற பெரிய லாரிக்கெல்லாம் டிரைவர் கேபின்ல ஏசி கட்டாயம். இதைக் கேட்டுட்டு எங்க அத்தை, "லாரிக்காரனுக்கு ஏசி, எனக்கு இந்த ஓட்டை ஃபேனா?"ன்னு ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாக.

பொண்ணு கிடைக்காதுங்கிற பயம்தான் உன்னைத் தின்னுது, எனக்குத் தெரியும். அது நிசந்தான், மறைக்க மாட்டேன். நாத்தனா மகனுக்கு ஒரு ஜாதகம் அத்தனை பொருத்தமா வந்துச்சு. "மாப்பிள்ளை என்ன பண்றாக?"ன்னு கேட்டவுக, லாரின்னதும் வச்ச காப்பியைக் குடிக்காம எந்திரிச்சாக. அதே வீட்டுக்காரவுக அப்புறம் பொண்ணைக் குடுத்த மாப்பிள்ளை வெளிநாட்டுல என்ன வேலை பார்க்குறான் தெரியுமா? டிரைவர்! விமானத்துல ஏறிப் போய் ஓட்டினா மட்டும் கௌரவமாம். தரகர் சொன்னப்ப நான் வாய்விட்டுச் சிரிச்சுட்டேன், இவுக முறைச்சாக.

நீயும் மறந்துட்டே பாரு. 1993-ல கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரியம்மா அரசு பஸ் ஓட்ட வந்தப்ப, பேப்பர்ல படத்தைப் பார்த்துட்டு நானும் டிரைவராவேன்னு பள்ளிக்கூடத்துல குதிச்சவ யாருடி? உங்க அப்பா பெல்ட்டை எடுத்ததும் அடங்கினே. அதே பெல்ட்டை நீ இப்ப எடுக்காதே.

முதல்ல அவனை ஒரு நல்ல கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. ராத்திரியில எதிர் வண்டி வெளிச்சம் கூசுதான்னு பார்க்கச் சொல்லு. கண்ணு சரின்னா, அவன் சேரப் போற முதலாளி பேரையும் ஊரையும் எனக்கு எழுது. நம்மாளு விசாரிச்சுச் சொல்லுவான். அதுக்குள்ள எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட விட்டுறாதே.

இப்படிக்கு,
உன் வலையபட்டிக்காரி