குண்டு விழுந்த வருஷம்

லிங்கநகரில் எங்கள் வீட்டில் ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் இடம் குசினி வாசற்படி மட்டும்தான். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு வாப்பா ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்து தன் போனை என்னிடம் தருவார். எட்டரை வரை அது எனக்குச் சொந்தம். உம்மா மீன் பொரிக்கும் சத்தம் ஸூமில் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் நான் எப்போதும் மைக்கை மூடியே வைத்திருப்பேன்.

உயர்தர வரலாற்று மாணவிகளின் ஆய்வுச் செயற்றிட்டத்துக்கு உதவவென்று எங்கள் டீச்சர் ஒழுங்கு செய்த ஆறு வார வகுப்பு அது. பல்கலைக்கழக விரிவுரையாளர் ஒருவர் வந்தார். நாங்கள் மெடம் என்றோம். விரிவுரை நடக்கும், குறிப்பெடுக்கலாம் என்று புதுக் கொப்பி வாங்கி வைத்திருந்தேன். மெடமோ முதல் நாளே எங்கள் தலைப்புகளை வாசிக்கச் சொன்னார்.

நான் வாசித்தேன்: "திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாறு, 1624 முதல் இன்றுவரை."

"நானூறு வருஷம். உங்களுக்கு எத்தனை மாதம் இருக்கு மகள்?" என்று கேட்டார். போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், 1639இல் ஒல்லாந்தர் பிடித்ததும், 1795இல் ஆங்கிலேயர் வந்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் இருப்பது என்ன என்று கேட்டார். மூதூர்ப் பிள்ளை ஒருத்தி 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட றொபேர்ட் நொக்ஸைப் பற்றி எழுத வந்திருந்தாள். அவளிடம், "நொக்ஸ் தன் கதையைத் தானே எழுதிவிட்டார். உங்கள் ஊரார் அவரைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?" என்றார். அன்று எல்லோருடைய தலைப்பும் சுருங்கியது.

எங்கள் வீட்டில் இருந்தது உம்மம்மாவின் கதை. சின்ன வயதிலிருந்து கேட்டது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் வந்து துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டன. உம்மம்மாவின் வாப்பா டொக்யாட்டில் கூலி வேலை. அன்று காலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. உம்மம்மா அப்போது நாற்பது நாள் பிள்ளை. அவவைத் தூக்கிக்கொண்டு அவவின் உம்மா கிண்ணியாவுக்கு ஓடினா.

இதை எழுதி அனுப்பினேன். விமானந்தாங்கிக் கப்பல்களில் வந்த படை அது என்பதையும், நான்கு நாள் முன்பு கொழும்பைத் தாக்கியதையும், அதே நாளில் மட்டக்களப்புக் கடலில் 'ஹேர்மிஸ்' கப்பல் மூழ்கியதையும், துறைமுகத்தில் எரிந்த 'சகாயிங்' கப்பலை 2018இல் நமது கடற்படை வெளியே எடுத்ததையும் சேர்த்திருந்தேன். நிலாவெளி வீதி யுத்த மயானத்தில் கடற்படையினரின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன, எங்கள் பூட்டனாரின் பெயர் எங்கும் இல்லை என்று முடித்திருந்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

மெடம் கப்பல் பற்றிய பந்திகளைத் தொடவில்லை. பூட்டனார் வரியின் கீழ் சிவப்புக் கோடு. "இது யார் சொன்னது? அவர் யாரிடம் கேட்டார்? நாற்பது நாள் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?" எனக்குக் கோபம் வந்தது. ஒரு மௌத்துக்கு ஆதாரம் கேட்பார்களா? ஆனால் அவர் அமைதியாகச் சொன்னார்: "சுவடிக்கூடத்துக்குப் போக முதல் வீட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள்."

பெட்டி கிண்ணியாவில், உம்மம்மாவின் தாத்தா வீட்டில் இருந்தது. அவ மௌத்தாகி நாலு வருஷம். சுனாமியில் அந்த வீட்டின் கீழ்ப்பாட்டில் இருந்த பத்திரங்களெல்லாம் போய்விட்டன. பரணில் கிடந்த தகரப் பெட்டி தப்பியிருந்தது. அடியில், பழைய உறுதி ஒன்றுக்குள் மடித்தபடி உம்மம்மாவின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். அப்படியொன்று இல்லையென்றுதான் அவவுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்து அடையாள அட்டை செய்திருந்தார்கள்.

பிறந்த திகதி 1943 ஜூன். அறிவித்தவர்: தந்தை.

வாசற்படியில் உட்கார்ந்து மூன்று தரம் வாசித்தேன். குண்டு விழுந்து ஒரு வருஷத்துக்கும் மேல் அவர் உயிரோடு இருந்திருக்கிறார். ஓடும்போது கையில் இருந்த நாற்பது நாள் பிள்ளை ஒருவேளை உம்மம்மாவின் தாத்தாவாக இருக்கலாம். என் கட்டுரையின் கடைசி வரி பொய்.

உண்மையைச் சொல்கிறேன், அதை மடித்து உள்ளே வைத்துவிடத்தான் நினைத்தேன். ஒப்படைக்க இரண்டு வாரமே இருந்தது. உம்மாவும், "எண்பது வயசுக்கு மேல அவக்கு இத ஏன் சொல்லணும்? விடு மகள்" என்றா. அந்தச் சனிக்கிழமை முதன்முறையாக மைக்கைத் திறந்து கேட்டேன். பொரியல் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

மெடம் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, அந்தக் காலத்தில் சனங்கள் வருஷத்தை இலக்கத்தால் அல்ல, நடந்ததை வைத்தே ஞாபகம் வைத்தார்கள் என்றார். அது எனக்கும் தெரிந்ததுதான். உம்மம்மா மூத்த மாமாவின் பிறப்பை "புயலடிச்ச வருஷம்" என்பா, அது 1964. ஒரு பெரிய சம்பவத்துக்குப் பக்கத்தில் நடந்த மரணம் காலப்போக்கில் அதற்குள்ளேயே போய்ச் சேர்ந்துவிடும் என்றார். "கதை பொய்யில்லை மகள். இரண்டு கதை ஒன்றாகியிருக்கு. அதையே எழுதலாம். ஆனா முதல்ல உங்கள் உம்மம்மாவிடம் கேளுங்கள். அது அவருடைய வாப்பா."

அடுத்த நாள் அஸர் தொழுதுவிட்டு முசல்லாவில் இருந்த உம்மம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பத்திரத்தை வாசித்துச் சொன்னேன். அவ அழுவா என்று பயந்தேன். விரல்களை மடித்து எண்ணினா.

"அப்ப எனக்கு ஒரு வயசு குறையுது" என்றா.

"ஓம் உம்மம்மா."

பிறகு நீண்ட நேரம் தஸ்பீஹை உருட்டிக்கொண்டிருந்தா. "பதியப் போனது வாப்பாதானா? நல்லாப் பாத்தியா?"

"அவர்ர பேர்தான் இருக்கு."

"அப்ப அவர் என்னைக் கண்டிருக்கார்" என்றா. "தூக்கியும் இருப்பார்தானே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. பத்திரத்தை என் கையிலிருந்து வாங்கி, எழுத்துத் தெரியாத அவ, அந்த வரி எதுவென்று விரல் வைத்துக் காட்டச் சொன்னா.