மதிலோரத்தில் மண் தோண்டியவர்கள்

2023 ஜூன் திங்களில், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் செவிலியாகப் பணியாற்றும் எங்கள் மகளைக் காணச் சென்றோம். நாங்கள் தங்கவிருந்ததே ஒரு மாதம். அதில் இரண்டு வாரத்தை மண் தோண்டுவதற்கென அவள் முன்னரே ஒதுக்கிவிட்டாள். கூலிக்கல்ல, தானே பணம் கட்டி! மனம் சற்றுக் கசந்தது. எனினும் ஒருநாள் அவ்விடத்தைப் பார்க்கப் புறப்பட்டோம்.

மேற்கே இரயிலில் சென்று பார்டன் மில் என்னும் சிற்றூரில் இறங்கி, மேட்டுப் பாதையில் நடந்தால் விண்டொலாண்டா. உரோமைப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய நெடுமதிலுக்குத் தெற்கே, அதற்கும் முந்திய படைக்கோட்டை இது. மழை தூறியது. சேற்றில் மண்டியிட்டுச் சிறு கரணையால் மண்ணைச் சுரண்டிக் கொண்டிருந்தவர்களுள் எங்கள் மகளும் ஒருத்தி.

பள்ளியிறுதியில் அவள் வரலாறு படிக்க விரும்பினாள். "அது சோறு போடாது" என்று தடுத்தவர்கள் நாங்களே. இங்கோ யாரும் பட்டம் கேட்கவில்லை. முன்னனுபவமும் தேவையில்லை, குனிந்து உழைக்க உடல்வலிமை வேண்டும். தொல்லியலார் அருகிருந்து கற்பிக்கின்றனர். அகழ்வு ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. இடங்களோ முந்திய ஆண்டிலேயே நிரம்பிவிடுகின்றன. கட்டணம் போக, தங்குமிடச் செலவும் நம்முடையதே. இவ்வளவும் கொடுத்துச் சேறு சுமப்பானேன் என்றே எண்ணினோம், காட்சிக்கூடத்தில் நுழையும் வரை.

காற்றுப் புகாத ஈரமண் இங்கே தோலையும் மரத்தையும் மட்காமல் காத்துள்ளது. எடுத்த காலணிகள் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல். அவற்றில் குழந்தைகளுடையவும் உண்டு. 1973-இல் ராபின் பர்லி என்பார் மையால் எழுதிய மெல்லிய மரச்சீவல்களைக் கண்டெடுத்தார். பின்னர் கிடைத்தவற்றுள் ஒன்று, ஏறக்குறைய கி.பி. 100-இல் கிளாடியா செவேரா என்னும் படைத்தலைவர் மனைவி, தன் பிறந்தநாளுக்குத் தோழி லெப்பிடினாவை அழைத்த மடல். எழுத்தன் எழுதிய மடலின் இறுதியில் அவளே தன் கைப்பட, தோழியைச் சகோதரி என விளித்துச் சில வரிகள் சேர்த்திருக்கிறாள். பெண்ணொருத்தியின் கையால் எழுதப்பட்டு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலத்தீன் எழுத்துக்களுள் அதுவும் ஒன்று. மூலம் இலண்டனில், பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எங்களை நெடுநேரம் நிறுத்தியது வேறொன்று. கோவில் இடிபாட்டில் 14 துண்டுகளாகக் கிடைத்து, 2020-இல் உலகறிந்த ஈயக் கிண்ணம். ஆறாம் நூற்றாண்டளவினதாம். சிலுவை, மீன், கப்பல், வானதூதர் என உள்ளும் புறமும் கீறல்கள். கண்ணுக்கு எளிதில் புலப்படா. உரோமைப் படை போன பின்னும் இங்கே செபித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

மாலையில் மகள் சேறு படிந்த கைகளுடன் வந்தாள். அன்று அவளுக்குக் கிட்டியது ஓர் ஓட்டுத்துண்டே. அதைக் காட்டும்போது அவள் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நாங்கள் பல்லாண்டுகளாகக் கண்டதில்லை.

இரயிலுக்குக் காத்திருக்கையில், அடுத்த ஆண்டுப் பதிவு எப்போது என்று கேட்டோம்.

"அப்பா, உங்களுக்கு முழங்கால் வலியாயிற்றே!" என்றாள்.