அக்கா போடும் கணக்கு



டிப்ளமோ முடித்தால் வேலை. இல்லாவிட்டால் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டு. நம் கேன்டீன் பேச்சு இந்த இரண்டையும் தாண்டுவதில்லை. முனைவர் பட்டம் என்பதெல்லாம் பேராசிரியர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் என் வீட்டிலேயே ஒருத்தி நான்கு வருடமாக அதனோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறாள். என் அக்காதான்! பாடம், சமூகப் புள்ளியியல்.

"அப்படின்னா என்னடா? சென்சஸ் எடுக்குற வேலையா?" என்று கேட்காத நண்பன் இல்லை. நம் பாஷையிலேயே சொல்கிறேன்.

லேபில் யு.டி.எம். மெஷினில் கம்பியை இழுத்து அறுக்கிறோம். வந்த கம்பியை எல்லாம் அறுத்துப் பார்த்தால் கட்டடத்துக்கு என்ன மிஞ்சும்? சில துண்டுகளைச் சோதித்து மொத்த லோடுக்கும் முடிவு சொல்கிறோம். எந்தத் துண்டை எடுப்பது, அந்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது புள்ளியியல். கம்பிக்குப் பதில் மனிதர்கள் வந்தால் அது சமூகப் புள்ளியியல்!

இதில் நம் நாடு யாருக்கும் சளைத்ததல்ல. பி.சி. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆரம்பமாயிற்று. அவருடைய ஒரு முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஒரே பகுதியில் இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களை அனுப்புவார். இரண்டு விடைகளும் ரொம்ப விலகினால், கணக்கெடுத்த விதத்தில் கோளாறு இருக்கலாம் என்று தெரிந்துவிடும். ஒரே ஜாபை இரண்டு பேர் மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடுகிற மாதிரி!

மைக்ரோமீட்டரில் ஜீரோ எரர் இருந்தால் கழித்துவிடலாம். மனிதர்கள் சொல்லாமல் விட்டதை எப்படிச் சரிக்கட்டுவது? அக்காவின் ஆராய்ச்சியே அங்கேதான். பிறந்த சில நாளில் இறந்துபோகும் குழந்தைகள் கணக்கில் விட்டுப்போவதைப் பற்றி.

எங்கள் சேலம் மாவட்டத்துக்கு இது லேசான விஷயமல்ல. 2001 சென்சஸில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு மாநிலம் முழுக்க 942 பெண் குழந்தைகள். சேலத்தில் 851 தான். 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் முதலில் இங்கேதான் தொடங்கியது.

'உங்களுக்கு எத்தனை குழந்தைகள்?' என்று மட்டும் கேட்டால் பலரும் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். அதனால் கூட இருப்பவர்கள் எத்தனை, வெளியூரில் இருப்பவர்கள் எத்தனை, பிறந்து இறந்தவர்கள் எத்தனை என்று பிரித்துக் கேட்க வேண்டும். தேசியக் குடும்ப நல ஆய்விலும் இப்படித்தான் கேட்கிறார்கள்.

ஊர்களுக்குப் போகும் முன் அக்கா கேள்வித்தாளை அம்மாவிடம் சோதித்துப் பார்த்தாள். நான் பக்கத்தில் ரெக்கார்டு எழுதிக் கொண்டிருந்தேன்.

"குழந்தைங்க எத்தனை?"

"ஏன்டி, உனக்குத் தெரியாதா? ரெண்டு."

"பொறந்து, கொஞ்ச நாள் இருந்து தவறிப்போன குழந்தை உண்டாம்மா?"

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். ரொம்ப நேரம் பேசவில்லை.

"உனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒண்ணு. பொண்ணு. பதினோரு நாள் இருந்துச்சு. காய்ச்சல்ல போயிருச்சு. பேரு கூட வெக்கல."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"யாரும் கேக்கலியே..."

எனக்கு இன்னொரு அக்கா இருந்தாள் என்பது 19 வயதில் எனக்குத் தெரிந்தது. அக்கா அந்தத் தாளை நிரப்பவில்லை. அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாள் கேள்வித்தாளில் ஒரு குறிப்பு சேர்த்தாள்: 'இந்தக் கேள்வியை மாமியாரோ அக்கம்பக்கத்தாரோ இல்லாத நேரத்தில் நிதானமாகக் கேட்கவும்.'

"இருபத்தெட்டு வயசாச்சு, இன்னும் என்ன படிப்பு?" என்று சித்தப்பா வரும்போதெல்லாம் கேட்பார். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். அதற்குப் பிறகு ஒருமுறை அவர் ஆரம்பித்ததும், "அவ முடிக்கட்டும் தம்பி" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

பாதை சுலபமில்லை நண்பர்களே! யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. சாயங்காலம் டியூஷன் எடுத்துத்தான் பஸ் செலவும் ஜெராக்ஸ் செலவும். அப்புறம் ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு... இன்னும் தூரம் இருக்கிறது.

நம்மில் யாரோ ஒருவர் நாளை இந்தப் பக்கம் வரலாம். அளப்பது நமக்குப் புதிதா என்ன? வராவிட்டாலும் பரவாயில்லை. கையில் பேப்பரோடு ஒரு பெண் உங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றால், "வேலையில்லாம வந்துட்டாங்க" என்று கதவைச் சாத்தாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். உங்கள் அம்மாவைப் பேச விடுங்கள்!

- இறுதியாண்டு, இயந்திரவியல்