செக்கும் இராட்டையும்

எங்கள் ஊராகிய வடகரையில் முன்னாளில் ஒரு கற்செக்கு இருந்தது. எள்ளையும் கருப்பட்டியையும் உரலில் இட்டு, மாட்டைப் பூட்டி ஆட்டுவார்கள். மாடு காலை முதல் உச்சிப்பொழுது வரை நடக்கும்; ஆயினும் புறப்பட்ட இடத்தைவிட்டு ஓரடியும் அப்பால் சென்றிராது. நல்லெண்ணெய்க்கும் பிண்ணாக்குக்கும் உரிய அப்பொருள் விடுதலையின் சின்னமாதல் கூடும் என்று சிறுவனாகிய நான் எண்ணியதே இல்லை.

ம. பொ. சிவஞானம் எழுதிய நூலைத் தழுவி, பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961-இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து அப்படம் எங்கள் பக்கத்துக் கீற்றுக்கொட்டகைக்கும் வந்தது. மணல்தரையில் அமர்ந்து கண்டோம். பாரதியாராக நடித்த எஸ். வி. சுப்பையா, அண்மையிலுள்ள செங்கோட்டையைச் சேர்ந்தவர். ஆதலால் அவர் தோன்றும்போதெல்லாம் ஆரவாரம் எழுந்தது. ஆனால், சிவாஜி கணேசன் கைதியுடையில் செக்கிழுத்த காட்சியில் கொட்டகை முழுவதும் வாயடைத்துப் போயிற்று.

1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டவர் வ. உ. சிதம்பரனார். 1908-இல் அவருக்கு இரட்டை வாழ்நாள் தண்டனை விதித்தனர். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. எனினும், கோவைச் சிறையில் அவர் மாட்டுக்குரிய வேலையைச் செய்ய நேர்ந்தது. பாரதியாரும் அச்செக்கின் கொடுமையைத் தம் பாட்டில் வைத்துள்ளார்.

படம் கண்ட மறுநாட்காலை, எங்களூர்ச் செக்காட்டும் பெரியவர் மாட்டை அவிழ்த்துவிட்டார். தாமே தடியைப் பற்றிச் சுற்றலானார். மூன்றாம் சுற்றில் நின்றுவிட்டார். “மாடே மூச்சு வாங்கும் வேலை, தம்பி” என்று மட்டும் கூறினார். வழக்கறிஞர் ஒருவர் அதனை எவ்வாறு இழுத்தார் என்பதே அன்று முழுவதும் தெருவில் பேச்சாயிற்று.

செங்கோட்டை வாஞ்சிநாதன் பிறந்த ஊருமாகும். 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சிச் சந்திப்பில் அவர் ஆஷ் துரையைச் சுட்டதை எழுதாதவர் எங்கள் பக்கத்தில் அரியர். ஆயினும் கதைக்கும் படத்துக்கும் துப்பாக்கியினும் செக்கே வலிய சின்னம் என்பது என் கருத்து. குண்டு ஒரு நொடியில் ஓய்ந்துவிடும். செக்கோ நாள்தோறும் சுற்றுவது. அடிமைப்பட்டவனின் துன்பமும் அத்தகையதே அன்றோ? கைவிலங்கு ‘படீர்’ என்று அறுந்துவிழும் காட்சியைப் படந்தோறும் வைத்து, அதன் பொருளையே தேய்த்துவிட்டனர். அக்காட்சி வரும்போது சுண்டல் வாங்க எழுந்துபோகிறவர்களை நான் குறைகூற மாட்டேன்.

இராட்டையும் செக்கைப் போல வீட்டுப் புழக்கத்துப் பொருளே. விடுதலைப் போரில் சிறை சென்றவராகிய கல்கி ‘தியாக பூமி’யை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். கே. சுப்பிரமணியம் அதனை 1939-இல் படமாக்கினார். கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி, பின்னாளில் அவன் தன்னுடன் வாழ வருமாறு வழக்குத் தொடுத்தபோது, நீதிமன்றத்தில் மறுத்து நிற்கிறாள். முடிவில் நாட்டுப்பணி ஏற்கிறாள். ஆகவே, அப்படத்தில் இராட்டை சுழலும்போது நாட்டின் விடுதலையோடு ஒரு பெண்ணின் விடுதலையும் சேர்ந்தே சுழல்கின்றது. நூல் நூற்பதைக் கண்டு அஞ்சிய ஆங்கில அரசு அப்படத்தைத் தடைசெய்தது. பீரங்கி உடையோர் இராட்டைக்கு அஞ்சியது வியப்பே!

கடல்கடந்த நாட்டிலும் இவ்வியல்பைக் காணலாம். ஸ்டோ அம்மையார் 1852-இல் வெளியிட்ட ‘டாம் மாமாவின் குடிசை’யில், அடிமைப்பெண் எலிசா தன் குழந்தையுடன் ஒகையோ ஆற்றின் பனிக்கட்டிகள்மீது தாவித் தாவி அக்கரை சேர்கிறாள். பிறர்க்கு அது படகு செல்லும் ஆறு; அவளுக்கோ அடிமைக்கும் உரிமைக்கும் இடையிலுள்ள எல்லை.

சின்னத்தைக் கதை எழுதுவோரே படைக்கின்றனர் என்று கொள்வதற்கும் இல்லை. 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மனைப் புளியமரத்தில் தூக்கிலிட்டனர். அவ்வழிச் சென்றோர் ஆளுக்கொரு கல்லை அங்கே இட்டுச் சென்றனர்; கற்கள் குவியலாயின. பெயர் எழுதவும் அஞ்சிய காலத்தில் அக்கல்லே கல்வெட்டாயிற்று. அவன் கதை படமாக வந்தது 1959-இல். பின்னர் அவ்விடத்தில் நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பியவர், அப்படத்தில் அவனாக நடித்த சிவாஜி கணேசனே.