வண்டி தண்ணி குடிக்கி

"தம்பி, வண்டி தண்ணி குடிக்கி. வாரத்துக்கு ஒரு லிட்டர் ஊத்துதேன். கீழ ஒரு சொட்டக் காணோம்."

அண்ணாச்சி மத்தளம்பாறைப் பக்கத்துக்காரர். வண்டி 2008 மாடல், எட்டு சிலிண்டர் பெட்ரோல், மூன்றாவது கை. புதிதில் இருந்த விலைக்கு அப்போது தென்காசியில் வீடே வாங்கியிருக்கலாம். கம்பெனிப் பேரை இந்த நோட்டில் எழுதப் போவதில்லை. இந்த நோய் ஒரு கம்பெனியோடு நிற்பதில்லை.

*

ஆனி மாசம், சாரல் விழுந்துகொண்டே இருக்கிறது. பட்டறை வாசல் முழுக்க ஈரம். இதில் எது மழைத் தண்ணி, எது இஞ்சின் தண்ணி என்று எப்படிப் பார்ப்பது? வண்டியை உள்ளே ஏற்றி, அடியில் பழைய தினத்தந்தியை விரித்துவிட்டு ராத்திரி பூட்டினேன். காலையில் ஒரே ஒரு இடத்தில் ஈரம். தொட்டு மோந்தேன், வாசனை இல்லை. ஏசித் தண்ணி. கூலண்டாக இருந்தால் வெல்லப்பாகு மாதிரி இனிப்பு வாடை அடிக்கும், விரலில் வழவழக்கும்.

*

தண்ணி குறைகிறது, கீழே விழவில்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது ஹெட் கேஸ்கெட். அந்த அவசரத்தில் எத்தனையோ இஞ்சினை வீணாகக் கழற்றியிருக்கிறார்கள். எட்டு சிலிண்டரில் ஹெட் இரண்டு. இரண்டையும் இறக்கினால் வண்டி விற்கும் விலையைச் செலவு தாண்டிவிடும். அதனால் முதலில் நீலத் திரவச் சோதனை. ரேடியேட்டர் வாயில் குழாயை வைத்து ஆவியை அந்தத் திரவத்துக்குள் இழுக்க வேண்டும். சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணிக்குள் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். பத்து நிமிஷம் இழுத்தேன். நீலம் நீலமாகவே இருந்தது. ஆயிலும் பால் மாதிரி வெளுக்கவில்லை. அண்ணாச்சியைவிட எனக்குத்தான் நிம்மதி.

*

அடுத்து பிரஷர் பம்ப். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடி இருக்கும் இடத்தில் மாட்டி 15 பவுண்டு ஏற்றினேன். இருபது நிமிஷத்தில் முள் 11-க்கு வந்துவிட்டது. ஓஸ் எதிலும் கசிவில்லை, வாட்டர் பம்பின் அழுதுளையும் காய்ந்து கிடக்கிறது.

சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் எடுத்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பார்த்தேன். இரண்டு வரிசை சிலிண்டருக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அதில் ரோஸ் கலரில் குளம் கட்டி நிற்கிறது! ஓடும்போது கசிவது அந்தப் பள்ளத்தில் தங்கி, சூட்டில் ஆவியாகிப் போய்விடுகிறது. சுற்றிலும் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் படிவு. பிறகு கீழே எப்படிச் சொட்டும்?

*

பள்ளத்துக்குள் ஓடுவது பிளாஸ்டிக் குழாய். கண்ணாடி இழை கலந்த நைலான். எடை குறைவு, துருப்பிடிக்காது, அச்சில் ஊற்றி எந்த வளைவும் செய்யலாம். ஆனால் நூறு டிகிரித் தண்ணி உள்ளேயும் இஞ்சின் சூடு வெளியேயுமாகப் பதினைந்து வருஷம் வெந்தால் அது தன் உரத்தை இழந்துவிடும்.

2003 முதல் 2006 வரை வந்த எட்டு சிலிண்டர் போர்ஷே கயேனில் இதே இடத்தில் பிளாஸ்டிக் குழாய்கள்தான். வெடித்தால் தண்ணி அதே பள்ளத்தில் இருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டார் மேலேயே விழும். பின்னால் அலுமினியக் குழாய் வந்தது. பிஎம்டபிள்யூ என்62 இஞ்சினில் குழாய் உலோகம், அதன் நுனி ரப்பர்தான் விட்டுப்போகும். முறைப்படி மாற்ற முன்பக்க டைமிங் கவர் வரைக்கும் கழற்ற வேண்டும். யாரோ ஒரு புத்திசாலி பழைய குழாயை அறுத்தெடுத்துவிட்டு, உள்ளே வைத்து நீட்டிக்கொள்ளும் குழாய் செய்தார். அந்த மனுஷனைக் கும்பிடலாம். தண்ணி போகும் வழியை இஞ்சினின் அடிவயிற்றில் ஒளித்து வைத்ததுதான் பெரிய தப்பு. எண்பது ரூபாய் ஓஸ் உடைந்தாலும் கைக்கு எட்டினால் போதும்.

*

மேனிஃபோல்டைத் தூக்கிக் குழாயைப் பிடித்தேன், அப்பளம் மாதிரி நொறுங்கிவிட்டது. இதில்தான் கவனம் வேண்டும். துண்டுகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் அடுக்கிக் குழாயை மறுபடி உருவாக்கிப் பார்த்தேன். நகக்கண் அளவு ஒன்று குறைந்தது. அது தண்ணிப் பாதைக்குள் போய்விட்டால் பின்னொரு நாள் எங்காவது அடைக்கும். வேக்குவம் கிளீனர் வாயில் மெல்லிய டியூப்பைப் பொருத்தி, முக்கால் மணி நேரம் தேடி எடுத்தோம். பட்டறைப் பையனுக்கு அன்றைக்குப் புரோட்டா என் செலவு.

*

அலுமினியக் குழாய் கொச்சியிலிருந்து கூரியரில் வர நாலு நாள்.

*

ஓ-ரிங்குக்குக் கிரீஸ் தடவக் கூடாது என்று பையனிடம் இரண்டு தடவை சொன்னேன். கூலண்டுக்குப் போடும் கருப்பு ரப்பர் ஈபிடிஎம் வகை. சூட்டையும் கூலண்டையும் தாங்கும், பெட்ரோலியக் கிரீஸ் பட்டால் ஊதிப் போகும். கூலண்டிலேயே நனைத்துச் சொருகினால் போதும்.

*

அண்ணாச்சி கேட்டார்: "அந்தக் காலத்துல லாரிக்காரன் மஞ்சப் பொடி போட்டு ஓட்டுவானே தம்பி?"

போட்டார்கள். பித்தளை ரேடியேட்டரின் அகலமான குழாயில் மஞ்சள் ஊறி ஓட்டையில் அடைந்துகொள்ளும், வீடு வரை வண்டி வந்து சேரும். இந்த வண்டியின் ரேடியேட்டர் குழாய்கள் நூலிழை மாதிரி. மஞ்சள் ஓட்டையையும் அடைக்கும், நல்ல வழியையும் அடைக்கும். அவரிடம் அப்படியே சொன்னேன். தலையாட்டினார்.

தண்ணியும் அப்படித்தான். ராமநதித் தண்ணி குடிக்க அமிர்தம். ஆனால் எந்த ஆற்றிலும் கிணற்றிலும் உப்பு உண்டு, அது அலுமினியத்தை அரிக்கும். காய்ச்சி வடித்த தண்ணி பாதி, கூலண்ட் பாதி. நிறத்தைப் பார்த்துக் கூலண்ட் வாங்கவும் கூடாது. வகை மாறிக் கலந்தால் கூழாகக் கட்டிக்கொள்ளவும் கூடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

*

வடித்த பழைய கூலண்டை மூடி போட்ட கேனில் பூட்டி வைத்தேன். இனிப்பாக இருப்பதால் நாய், ஆடு, கன்றுக்குட்டி நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் போய்விடும். தெருவில் மேயும் கன்று யாருடையதாக இருந்தாலென்ன. திறந்த தட்டில் கூலண்டை வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவனை நான் பட்டறையில் சேர்ப்பதில்லை.

*

புதுக் கூலண்ட் ஊற்றியதும் உள்ளே மாட்டிய காற்று வெளியேற வேண்டும். முன் சக்கரம் இரண்டையும் பலகை மேல் ஏற்றி, ஹீட்டரை முழுக்கத் திறந்து ஓடவிட்டேன். நம் ஊரில் ஹீட்டரைப் போடுகிறவர் யார்? வால்வு உள்ள வண்டிகளில் அந்தப் பக்கத் தண்ணி வருஷக்கணக்காக நகராமல் கிடக்கும். முதல் காற்றில் பழைய கிணற்று வாடை அடித்தது.

*

சோதனை ஓட்டம்: தென்காசி, செங்கோட்டை, புளியரை எஸ் வளைவு ஏறிக் கோட்டைவாசல் வரை. முன்னால் கேரளா போகும் பாரலாரி, நடக்கும் வேகம்தான். இஞ்சினைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ஏற்றம் முழுக்க வெப்ப முள் நடுவிலேயே நின்றது.

மேலே ஒருவர் தன் வண்டியின் போனட்டைத் தூக்கித் துணியோடு ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனார். ஓடிப்போய்த் தடுத்தேன். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை தண்ணி 120 டிகிரியிலும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடி திறந்த நொடியில் அழுத்தம் போய், கொதிக்கும் தண்ணியும் ஆவியும் முகத்தில் அடிக்கும். அரை மணி நேரம் அவரோடு டீ குடித்துக்கொண்டு நின்றேன். முன் ஓஸ் கிளிப் தளர்ந்திருந்தது. முடுக்கி, தண்ணி ஊற்றி அனுப்பினேன்.

*

மறுநாள் அண்ணாச்சி வண்டியின் கூலண்ட் டேங்கில் விரல்கடை குறைந்தது. மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது. ஊற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். மூன்றாம் நாள் காலை தண்ணி கோட்டிலேயே நின்றது. அண்ணாச்சிக்குப் போன் பண்ணினேன்.