வீட்டில் தைத்த பைஜாமா

நம் ஊர்ப் பக்கத்தில் சிறுவர்களுக்கு இரவில் உடுப்பதற்கென்று தனியாக ஓர் உடை உண்டு என நாம் கேள்விப்பட்டதில்லை. அரைக்கால் சட்டையோடு பாயில் விழுந்தால் விடியும் வரை உறக்கந்தான். தில்லிக்கு வந்து முதல் மார்கழியைக் கண்ட பிறகே பைஜாமாவின் அருமை தெரிந்தது. பாரசீகத்தில் ‘பாய்’ என்றால் கால்; ‘ஜாமா’ என்றால் உடை. இந்நாட்டவர் பகலில் உடுத்திய அதனை ஆங்கிலேயர் இரவுக்கென்று ஆக்கிக்கொண்டு உலகெங்கும் கொண்டு சென்றனர். அது உலகைச் சுற்றி வந்த பின்னர் நாம் அதனைச் சரோஜினி நகர்ச் சந்தையில் விலை கொடுத்து வாங்கினோம்.

இச்சந்தையை அறியாத தில்லித் தமிழர் இரார். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சிய உடைகள் குவியல் குவியலாகக் கிடக்கும். திங்கட்கிழமை ஒன்றே ஓய்வு. பிள்ளைகள் இருவருக்கும் அங்கே பைஜாமா எடுத்தபோது நாம் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தோம். வளர்கின்ற பிள்ளைகளாயிற்றே, இரண்டு வருஷம் வரட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தோம். கால் தரையில் புரண்டது. மடித்து விட்டால் ஆயிற்று என்று இருந்துவிட்டோம்.

சென்ற ஜனவரியில் ஓர் இரவு, குளிர் 5 பாகைக்கும் கீழே இறங்கியிருந்தது. இளையவன், நான்கு வயதினன், கணப்புக்கு முதுகைக் காட்டி நின்று குளிர் காய்ந்துகொண்டிருந்தான். மடித்து விட்ட கால் அவிழ்ந்து பின்னால் தொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. துணி கருகும் நாற்றம் வந்தது. நாம் திரும்புவதற்குள் நம் மனைவி பாய்ந்து வெறுங்கையாலேயே அடித்து அணைத்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய வலது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. பற்பசை தடவு என்றார் ஒருவர், மை தடவு என்றார் மற்றொருவர். நல்ல வேளையாக நாம் எதையும் தடவாமல் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டச் செய்து, பிறகு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அதுதான் சரி என்றார் அவரும்.

பிளானல் துணியின் மேற்பரப்பில் மெல்லிய இழைகள் எழும்பி நிற்கின்றன. கதகதப்பைத் தருவது அதுவே. ஒரு பொறி பட்டால் தீ சடுதியில் ஓடுவதற்குக் காரணமும் அதுவே. உடை தளர்வாக இருந்தால் உள்ளிருக்கும் காற்று தீக்குத் துணை செய்யும். அமெரிக்காவில் 1970-களின் தொடக்கத்தில் குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பற்றலாகாது என்று விதி செய்தனர். அதற்காகத் துணியில் ஏற்றிய ‘டிரிஸ்’ என்னும் இரசாயனம் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கண்டு 1977-ல் அதைத் தடுத்தனர். 1996-ல், உடம்போடு ஒட்டியிருக்கும் பருத்தி உடைக்கு அவ்விதியைத் தளர்த்தினர். இரண்டு அளவு பெரிதாக வாங்கிய நம் கெட்டிக்காரத்தனம் எவ்வளவு பிசகு என்பது இவற்றையெல்லாம் அறிந்த பிறகு விளங்கிற்று.

அளவாகத் தைப்பது என்று முடிவாயிற்று. வீட்டில் தாயார் கொடுத்த பழைய உஷா இயந்திரம் இருந்தது. தைக்கத் தெரிந்தவளுக்கோ கையில் கட்டு. ஆகவே பகலெல்லாம் ரயில்வே பேரேட்டில் கணக்கெழுதும் நாம் இரவில் இயந்திரத்தின் முன் உட்கார நேர்ந்தது. அவள் கட்டிலில் இருந்தபடி கட்டளையிட்டாள்.

துணியை முதலில் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்த வேண்டுமாம், பருத்தி சுருங்கும். மூத்தவனுக்கு ஏழு வயது; இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 70 சென்டிமீட்டர். பன்னா 44 அங்குலமானால் ஒரு மீட்டரில் இரு கால்களும் அடங்கும். 36 ஆனால் ஏறத்தாழ இரட்டிப்புத் துணி வேண்டும். பின்புறம் முன்புறத்தைவிட உயரமாக வெட்டாவிட்டால் பையன் குந்தி உட்காரும்போது தையல் பிரியும். எல்லாம் சரியாகக் கேட்டுக்கொண்டோம். ஒரு காலை வெட்டி, அதையே மேலே வைத்து மற்றொரு காலையும் வெட்டினோம்.

“இரண்டும் இடது கால்!” என்றாள் மனைவி.

துணியின் நல்ல பக்கத்தில் மட்டும் பூப்போட்டிருந்தது. புரட்டி வைத்து வெட்டியிருக்க வேண்டும். நமக்கு வந்த ஆத்திரத்தில் துணியை மூலையில் எறிந்தோம். எதிர் வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி கஞ்சி கொண்டு வந்தவர், அதை எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டு, “பேட்டா, உனக்குப் பிள்ளைகள் இருவர் அல்லவா?” என்றார். ஒரு விநாடி நமக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. ஓர் இடது கால் மூத்தவனுக்கு. மற்றதைச் சிறிதாக வெட்டினால் இளையவனுக்கு. இன்னும் ஒரு மீட்டர் வாங்கி இரண்டு வலது கால்களை வெட்டினோம். இரண்டு மீட்டரில் இரண்டு பைஜாமா. ஒரு சாணும் வீணில்லை!

பின் ஒவ்வொரு காலையும் உள்பக்கமாகத் தைத்து, ஒன்றை நல்ல பக்கமாகத் திருப்பி மற்றொன்றினுள் நுழைத்து, நடுத்தையலை ஒரே ஓட்டமாக இரு முறை ஓட்டினோம். நாடா வேண்டாம் என்றாள். அவசரத்துக்கு எழுந்த சிறுவனால் நள்ளிரவில் முடிச்சை அவிழ்க்க முடியுமோ? எலாஸ்டிக்கே உத்தமம். கால் ஓரத்தில் உள்ளே இரண்டு மடிப்புகள் விட்டோம். வளர்ச்சிக்கு இடம் வைப்பது உள்ளே இருக்கவேண்டும், வெளியே தொங்கலாகாது.

வெயிலில் காயப்போடுவதுதான் இப்போது கஷ்டம். பழைய தாழ்ந்த குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டத்துக்கு 2016-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முற்றமும் வேப்ப நிழலும் இருந்த வீடுகள் பல போயின. மார்கழியில் பிளானல் உலர இரண்டு நாள் ஆகிறது. ஆகையால் பிள்ளை ஒருவனுக்கு இரண்டு உருப்படிகள் தேவை.

மனைவியின் உள்ளங்கையில் இப்போது ஒரு வெண்தழும்பு மட்டும் உண்டு. இந்தக் குளிர்காலம் தொடங்கியதும் அவளே கத்தரியெடுத்து மூத்தவனுடைய பைஜாமாவில் ஒரு மடிப்பைப் பிரித்தாள். வெளுக்காத துணி ஒரு பட்டையாக வெளிப்பட்டது.

“அப்பா, இங்கே மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது?” என்று கேட்டான் பையன்.

“போன வருஷம் நீ அவ்வளவுதான் இருந்தாய்” என்றோம். அவன் குனிந்து பட்டையை விரலால் அளந்து பார்த்தான். பிறகு தம்பியை இழுத்து வந்து அவனுடையதையும் பிரிக்கச் சொன்னான்.