லேசருக்கு முந்தைய அளவுகள்

கண்ணாடி போடுவதைத் தவிர்க்கச் செய்யப்படும் லேசர் சிகிச்சை, கண்ணின் முன்புறம் உள்ள கார்னியா என்ற கருவிழிப் படலத்தில் நடக்கிறது. கண்ணின் ஒளிவிலக்கத் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் அளவுக்கு இந்தப் படலத்தின் வளைவே தருகிறது. அரை மில்லிமீட்டர் கனமே உள்ள படலத்திலிருந்து சில பத்து மைக்ரான் திசுவை எடுத்து, அதன் வளைவை மாற்றுவதே சிகிச்சை. 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள எக்சைமர் லேசர், அக்கம்பக்கத் திசுவைச் சுடாமல் செதுக்கக் கூடியது. இதை 1981-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் சென்னையில் பிறந்த ரங்கசாமி சீனிவாசன்.

செதுக்கி எடுத்த திசு மறுபடி வளராது. லேசர் ஒரு கண்ணில் பாயும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. எங்கே, எவ்வளவு செதுக்குவது என்பதற்கான அளவெடுப்போ பல மணி நேரம் பிடிக்கிறது. அந்த வேலை பரிசோதனைக் கூடத்தில் நடக்கிறது. அதன் பெரும்பகுதியைச் செய்பவர்கள் ஆப்டோமெட்ரிஸ்டுகளும் பயிற்சி பெற்ற கண் மருத்துவ உதவியாளர்களும். தமிழ்நாட்டில் இத்தொழிலுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1985-இல் சென்னையில் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி போன்ற கல்லூரிகளின் பட்டப் படிப்பு. மற்றொன்று, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை செய்வதுபோல, கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் சேர்த்து, இரண்டாண்டு பயிற்சி தந்து உருவாக்கும் முறை.

நான் நேரில் பார்த்த அத்தகைய ஒரு கூடத்தில் முதல் மேசை கேள்விகளுக்கானது. வயது 18 ஆகிவிட்டதா, கடந்த ஓராண்டில் பவர் அரை டயாப்டருக்கு மேல் மாறியதா, வீட்டில் யாருக்காவது கருவிழி நோய் உண்டா, கண்ணைக் கசக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கேட்டுக் குறிக்கிறார்கள். முடக்குவாதம், கட்டுப்படாத சர்க்கரை, கண்ணில் முன்பு வந்த அக்கி, முகப்பருவுக்கு விழுங்கும் ஐசோட்ரெடினாயின் மாத்திரை ஆகியவை புண் ஆறும் வேகத்தையோ கண்ணீர்ச் சுரப்பையோ பாதிப்பவை. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் பிறகு வரச் சொல்கிறார்கள். அக்காலத்தில் பவர் நிலையாக இருப்பதில்லை. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர், மென்மையான வகையென்றால் ஓரிரு வாரமும், கடினமான வகையென்றால் மூன்று நான்கு வாரமும் கழற்றி வைத்துவிட்டு வரவேண்டும். லென்ஸ் அழுத்தி வைத்த கருவிழி தன் இயல்பான வளைவுக்குத் திரும்ப அவ்வளவு காலம் ஆகிறது.

அடுத்து வரும் சோதனைகளின் வரிசையும் தொழில் நுணுக்கத்தில் சேர்ந்ததே. கண்ணைத் தொடாத கருவிகள் முதலில், தொடுபவை பிறகு, சொட்டு மருந்து கடைசியில். வரிசை மாறினால் அளவு கெடும். மரத்துப்போகும் மருந்தை முதலிலேயே விட்டால் கருவிழியின் மேற்பரப்பு கலங்கி, வளைவின் படம் பிசகும். கண்பாவையை விரிக்கும் மருந்து முந்திவிட்டால், இருட்டில் அது தானாக எவ்வளவு விரிகிறது என்பதை அன்றைக்கு அளக்கவே முடியாது.

ஆகவே முதல் கருவி டோபோகிராபி. ஒருவகைக் கருவி ஒளி வளையங்களைக் கருவிழி மீது விழச் செய்து, அவை பிரதிபலிக்கும் வடிவத்திலிருந்து முன்புற வளைவைக் கணிக்கிறது. சுழலும் கேமரா கொண்ட வகை, ஓரிரு நொடியில் குறுக்குவெட்டுப் படங்களாக எடுத்து, முன்புறம், பின்புறம், ஒவ்வொரு புள்ளியின் கனம் எல்லாவற்றையும் வரைபடமாக்குகிறது. “தாடையை இதுல வைங்க தம்பி. நெத்தியை நல்லா ஒட்டுங்க. ஒரு தடவை சிமிட்டிட்டு, பெரிசாத் திறங்க” என்பது அங்கே ஓயாமல் கேட்கும் பேச்சு. சிமிட்டினால் கண்ணீர்ப் படலம் சீராகப் பரவுகிறது. இமை பாதி மூடியோ தலை சாய்ந்தோ எடுத்த படம் நோயில்லாத கண்ணில் நோயைக் காட்டிவிடும் என்பதால், கருவி ஏற்றுக்கொண்ட படத்தையும் ஊழியர் சில வேளை தள்ளிவிட்டு மறுபடி எடுக்கிறார்.

இவ்வளவு கவனம் கெரட்டோகோனஸ் என்ற நோயின் பொருட்டு. கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் இந்நோய் பெரும்பாலும் வளரிளம் பருவத்தில் தொடங்குகிறது. தொடக்க நிலையில் கண்ணாடி போட்டால் பார்வை முழுதும் தெளியும். ஆனால் படத்தில் கீழ்ப்பகுதி செங்குத்தாக ஏறியிருக்கும், பின்புறம் சற்று எழும்பியிருக்கும். அத்தகைய கண்ணை லேசரால் மேலும் மெலியச் செய்தால் அது புடைத்து, கண்ணாடியாலும் சரிசெய்ய முடியாத பார்வைக் குறைவில் கொண்டுபோய் விடக்கூடும்.

பவர் பார்ப்பது மூன்று சுற்றாக நடக்கிறது. ஆட்டோரிஃப்ராக்டோமீட்டருக்குள் நீளும் சாலையின் முடிவில் ஒரு வண்ணப் பலூன் தெரியும். தொலைவில் இருப்பதுபோல் அதைக் காட்டுவது, கண் இறுக்கம் தளர்ந்து பார்க்கவேண்டும் என்பதற்காக. அந்தக் கருவி தரும் எண் தொடக்கப் புள்ளி மட்டுமே. பிறகு ரெட்டினோஸ்கோப்பின் ஒளிக்கீற்றைக் கண்ணில் ஓட்டி, நிழல் நகரும் திசையைப் பார்த்தே ஊழியர் பவரை மதிப்பிடுகிறார். மூன்றாவதாக, ஆறு மீட்டர் தூரத்து எழுத்துப் பலகையும் சோதனைக் கண்ணாடிச் சட்டமும். “முதல்ல காட்டினது தெளிவா, இப்ப காட்டுறதாம்மா?” என்று வில்லையைத் திருப்பிக் கேட்கும்போது, சிலிண்டரின் அளவும் அச்சும் தீர்மானமாகின்றன. “ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு” என்ற பதில்தான் ஊழியர் எதிர்பார்ப்பது. அச்சு பொருந்திவிட்டதற்கு அது அடையாளம். அச்சில் சில டிகிரி பிசகினாலும் லேசர் அந்தப் பிசகையே செதுக்கிவிடும்.

நாற்பதை நெருங்கியவர்களிடம் எந்தக் கண் ஓங்கிய கண் என்றும் பார்க்கிறார்கள். தூரத்தைப் பார்ப்பதற்கான பவர் முழுதும் திருத்தப்பட்டால், வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி தேவைப்படும் என்பதை அங்கேயே சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்தது இருட்டறையில் கண்பாவையின் விட்டம். அது செதுக்கும் வட்டத்தைவிடப் பெரிதாக விரிந்தால், இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியும் வாய்ப்பு கூடுகிறது. பின்னர் கண்ணீர்ச் சோதனை. 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் பட்டையைக் கீழிமையில் செருகி, ஐந்து நிமிடத்தில் எவ்வளவு நனைகிறது என்று பார்ப்பது ஷிர்மர் முறை. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைவது நல்லது, ஐந்துக்குக் கீழ் என்றால் வறட்சி. மஞ்சள் சாயம் விட்டு, கண்ணீர்ப் படலம் எத்தனை நொடியில் உடைகிறது என்றும் எண்ணுகிறார்கள். சிகிச்சை கருவிழி நரம்புகளை அறுப்பதால் வறட்சி சில மாதங்களுக்கு அதிகரிக்கும். முன்பே வறண்ட கண்ணுக்கு முதலில் அதற்கான மருத்துவம் செய்ய வேண்டும்.

கண் அழுத்தம் பார்த்தபின் சொட்டு மருந்து. இளவயதுக் கண்கள் தம்மையறியாமல் குவியம் மாற்றி, கிட்டப்பார்வையைக் கூட்டிக் காட்டக்கூடும். மருந்து அந்தத் தசையைத் தளர்த்துகிறது. மறுபடி பார்த்த பவர் முந்தையதோடு ஒத்துப்போக வேண்டும். கண்பாவை விரிந்த நிலையில் மருத்துவர் விழித்திரையின் ஓரங்களையும் பார்க்கிறார். கிட்டப்பார்வையால் நீண்ட கண்களில் அங்கே மெலிவும் ஓட்டையும் ஏற்படலாம். தேவையானால் அவற்றை முதலில் அடைத்துவிட்டே மேற்கொண்டு போகிறார்கள்.

எல்லாம் சேர்ந்து கணக்குக்கு வருகின்றன. 6 மில்லிமீட்டர் வட்டத்தில் ஒரு டயாப்டர் கிட்டப்பார்வையைத் திருத்த ஏறக்குறைய 12 மைக்ரான் திசு போகும். லேசிக் முறையில் மேலே திறக்கும் மடிப்பு 110 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 540 மைக்ரான் கனமும் 4 டயாப்டர் பவரும் உள்ள கண்ணில் அடியில் 382 மைக்ரான் எஞ்சும், தாராளம். 490 மைக்ரானும் 8 டயாப்டரும் என்றால் எஞ்சுவது 284. குறைந்தது 250 மைக்ரான் எஞ்ச வேண்டும் என்ற பழைய விதியில் இது தேறுகிறது. ஆனால் மடிப்பும் செதுக்கலும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 42 விழுக்காடு ஆகிவிடுகிறது; 40 விழுக்காட்டைத் தொடுவதே ஆபத்து என்பது பிற்கால விதி. இரண்டு கணக்கும் தேறிய பிறகும் படத்தில் சந்தேகம் இருந்தால் லேசிக் கிடையாது. மடிப்பில்லாத பிஆர்கே, கண்ணுக்குள் பொருத்தும் வில்லை ஆகிய மாற்றுகளைச் சொல்கிறார்கள். இரண்டும் பொருந்தாதவர் கண்ணாடியையே தொடர வேண்டியதுதான். வேண்டாம் என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவதும் கூடத்தின் வேலையில் ஒரு பாதி.

பொருத்தமானவருக்குத் தரப்படும் அறிக்கையின் நகல் ஆயுளுக்கும் காக்க வேண்டியது. சிகிச்சைக்குப் பின் மெலிந்த கருவிழியில் கண் அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். பழைய அளவு இல்லையேல் கண் அழுத்த நோய் கவனத்துக்கு வராமல் போகலாம். முதுமையில் புரைக்குச் செயற்கை வில்லை வைக்கும்போதும், மாறிய வளைவை வழக்கமான கணக்கில் போட்டால் வில்லையின் பவர் தவறிவிடும். அன்றைய மருத்துவர் கேட்கப்போவது, லேசருக்கு முன் இந்தக் கூடத்தில் எழுதிய கனம், வளைவு, பவர், அழுத்தம் ஆகிய எண்களைத்தான்.